ஒண்ணும் இல்லண்ணா, அழிச்சிடுங்க

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ரிலீஸ், ஆணி அதிகம்னு கதை விடலாம். ஆனா உண்மையான காரணம் சோம்பேறித்தனம்தான். இந்தப் பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனப்ப நடந்த ஒரு விஷயம் மட்டும் மண்டைக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கு. எழுதித் தொலைச்சா நிம்மதியா தூங்கலாம்னு உட்கார்ந்திருக்கேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

எனக்கு ஊர் போளூர். ஜவ்வாது மலை அடிவாரம். அம்மா சர்வீஸ்ல இருந்தப்ப ஆறு வருஷம் மலை மேல ஜமுனாமரத்தூர் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சர். அந்தப் பழக்கத்துல இன்னைக்கும் மலையிலிருந்து ஒரு அண்ணன் எங்க வீட்டுக்கு சாமை அரிசி, தேன், சீசன்ல பலாப்பழம், சீத்தாப்பழம் எல்லாம் கொண்டு வந்து கொடுப்பார். மலையாளி பழங்குடி. (கேரளாவுக்கும் இதுக்கும் எந்த சம்பந்தமும் இல்லை. மலையை ஆளுறவங்க, அதனால மலையாளி.) நான் அரை டவுசர் போட்ட காலத்துல இருந்து அவரைத் தெரியும்.

போகிக்கு முந்தின நாள் வந்தவர் கையில சாமை மூட்டையோட ஒரு துணிப்பையும் இருந்தது. பைக்குள்ள பழைய லேப்டாப்.

"தம்பி, பாப்பாவுக்கு தீபாவளிக்கு வாங்கனேன்பா. பதினோராயிரம். நீ கம்ப்யூட்டர்காரன்தானே, இன்னான்னு கொஞ்சம் பாரேன். தொறக்கறதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துடலாம், அவ்ளோ நேரம் ஆவுது."

பொண்ணு திருவண்ணாமலையில காலேஜ், பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் வருஷம். அந்த வீட்டுல முதல் முதலா காலேஜ் படியேறினது அவதான். ஒரு டவுன்ல செகண்ட் ஹேண்ட் கடையில வாங்கியிருக்கார். ஏதோ கம்பெனி ஆபீஸ்ல ஓடிக் களைச்ச மாடல். இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். பேட்டரி சுத்தமா செத்துப் போச்சு, வயரைப் பிடுங்கினா அடுத்த நொடி இருட்டு. விண்டோஸ் 10 போட்டிருந்தாங்க. அதுவும் திருட்டு விண்டோஸ். திறந்தவுடனே நாலு டூல்பார், ரெண்டு ஆன்டிவைரஸ், ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டுக்கிட்டு இருந்தது.

"பழசு வாங்கி ஏமாந்துட்டனா தம்பி?"னு கேட்டார் பாருங்க, அது மனசுக்கு கஷ்டமா போச்சு. பதினோராயிரம்ங்கறது அவருக்கு எத்தனை மூட்டை சாமைன்னு எனக்குத் தெரியும்.

"அண்ணே, காவலூர் டெலஸ்கோப் பாத்திருக்கீங்களா?"ன்னேன்.

"அது தெரியாதா? ஆலங்காயம் போற பக்கம். நம்ம மலைதானே."

"அங்க ஒரு மீட்டர் கண்ணாடி வெச்ச டெலஸ்கோப் ஒண்ணு இருக்கு. 1972-ல வெச்சது. 1977 மார்ச் 10-ஆம் தேதி யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைச்சுது. அதைச் சுத்தி வளையம் இருக்குங்கறதுக்கு அன்னைக்கு தடயம் பிடிச்ச டெலஸ்கோப்புகள்ல அதுவும் ஒண்ணு. ஐம்பது வருஷம் தாண்டியும் வேலை செய்யுது. ஏன்னா கண்ணாடி நல்ல கண்ணாடி. பின்னாடி மாட்டுற கருவிய மட்டும் காலத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிட்டே வந்தாங்க. அன்னைக்கு ஃபோட்டோமீட்டர், அப்புறம் சிசிடி கேமரா. உங்க லேப்டாப்பும் அப்படித்தான். இரும்பு நல்லா இருக்கு. உள்ள ஓடுறத மாத்திட்டா போதும்."

அவருக்கு எவ்வளவு புரிஞ்சுதுன்னு தெரியல. ஆனா முகம் தெளிஞ்சிடுச்சு. "அப்ப பாப்பா முன்னாடியே பண்ணுப்பா, அதுவும் கத்துக்கும்"னு சொல்லிட்டு லேப்டாப்பைத் திரும்ப பையில போட்டுக்கிட்டார். இப்படித்தான் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் நான் பைக்கை எடுத்துக்கிட்டு மலை ஏறினது.

*

போறதுக்கு முன்னாடி ஹோம்வொர்க் பண்ணினேன். மலையில சிக்னல் எப்படி இருக்கும்னு தெரியும். ஊர்ல இருந்தே எல்லாம் எடுத்துட்டுப் போகணும்.

முதல் கேள்வி, எதைப் போடுறது? விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவச பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சு போச்சு. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேணும், இன்டெல்னா பொதுவா எட்டாம் தலைமுறைக்கு மேல இருக்கணும். ஆறாம் தலைமுறைக்கு வாசல் கதவு மூடியாச்சு. கொல்லைப்பக்கமா நுழையிற வழி இருக்குதான், ஆனா முதல் வருஷம் படிக்கிற பொண்ணுக்கு அந்தத் தலைவலி எதுக்கு?

லினக்ஸ்னா தமிழ்நாட்டுப் பசங்களுக்கு ஒண்ணும் புதுசு இல்லை. 2011 செப்டம்பர் 15-ல ஆரம்பிச்ச அரசு இலவச மடிக்கணினி ஞாபகம் இருக்கா? அதுல விண்டோஸோட சிடாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியன் அடித்தளம். எங்க செட்ல முக்கால்வாசிப் பேர் அதைத் தப்பித்தவறி திறந்துட்டு பயந்து மூடினவங்கதான். நானும் உட்பட :-)

நான் எடுத்துக்கிட்டது லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. உபுண்டு 24.04 மேல கட்டினது, 2029 வரைக்கும் அப்டேட் வரும். அதாவது இந்தப் பொண்ணு டிகிரி முடிச்சு வேலைக்கே போயிடலாம். ஐஎஸ்ஓ ஃபைல் கிட்டத்தட்ட 3 ஜிபி. இறக்கி, செக்சம் சரிபார்த்து, பென் டிரைவ்ல எழுதியாச்சு. தமிழ்99 தட்டச்சுக்கான பொதியையும் தனியா எடுத்துக்கிட்டேன். மொத்தத்துல மாப்பிள்ளை அழைப்புக்குப் போற மாதிரி சர்வ ஏற்பாடு.

இங்க ஒரு பழைய பாவத்தைச் சொல்லிடணும்.

2017. காலேஜ் ஹாஸ்டல். நாந்தான் எங்க விங்குக்கே ஃபார்மட் டாக்டர். ரூம் மேட் ஒருத்தன் லேப்டாப்ல உபுண்டு போட்டுத் தர்றேன்னு உட்கார்ந்தேன். "மச்சி, ஏதாவது முக்கியமா இருக்கா?" "ஒண்ணும் இல்ல மச்சி, அடி." அடிச்சேன். ஒரு மணி நேரம் கழிச்சு அவன் கேட்டான், "டி டிரைவ் எங்கடா?" அதுல அவன் அக்கா கல்யாண வீடியோ மொத்தமும் இருந்திருக்கு. வேற எங்கயும் காப்பி இல்லை. அவன் "பரவால்ல விடு மச்சி"ன்னான். அதுக்கப்புறம் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. திட்டியிருந்தா நான் மறந்திருப்பேன்.

அன்னையிலிருந்து யார் மெஷினைத் தொட்டாலும் முதல்ல கேட்டுடுவேன், முக்கியமா ஏதாவது இருக்கா, எடுத்தாச்சான்னு. பாடம் கத்துக்கிட்டேன்னு ஒரு நினைப்பு.

*

அண்ணன் வீட்டுக்கு பைக் போகாது. ரோட்டுல நிறுத்திட்டு சாமைத் தாள் அறுத்த கொல்லை வழியா கொஞ்ச தூரம் நடக்கணும். தை மாசக் குளிர் பத்தரை மணிக்கும் போகல. வாசல்ல கயித்துக் கட்டில். அதுமேல லேப்டாப்பை ரெடியா வெச்சுக்கிட்டு பொண்ணு உட்கார்ந்திருந்தா, பக்கத்துல ஒரு நோட்டு, பேனா.

"வாங்கண்ணா." அப்பாவும் எனக்கு அண்ணன், பொண்ணுக்கு நானும் அண்ணன். இந்தக் கணக்கு எங்க ஊர்ல செல்லும், கேள்வி கேட்கக் கூடாது :-)

வராண்டாவுல ஒரே ஒரு பிளக் பாயின்ட். வயரைச் சொருகி, எஃப்12 அமுக்கி, பென் டிரைவ்ல இருந்து பூட் பண்ணினோம். லினக்ஸ்ல எனக்குப் பிடிச்சதே இதுதான், கல்யாணத்துக்கு முன்னாடியே பொண்ணு மாப்பிள்ளை பேசிப் பார்த்துக்கலாம். டிஸ்கைத் தொடாம பென் டிரைவ்ல இருந்தே முழு சிஸ்டமும் ஓடும். வைஃபை வருதா, சத்தம் கேக்குதா, வெப்கேம் தெரியுதா, எல்லா பட்டனும் வேலை செய்யுதான்னு ஒவ்வொண்ணா அவளையே பார்க்கச் சொன்னேன். ஹார்ட் டிஸ்க்கோட ஆரோக்கியத்தையும் பார்த்தோம், வயசுக்கு நல்லாத்தான் இருந்தது. அவ நம்பர் போட்டு நோட்டுல எழுதிக்கிட்டே வந்தா.

அப்புறம் வழக்கமான கேள்வி.

"இதுல உன்னோடது முக்கியமா ஏதாவது இருக்காம்மா? எல்லாம் எடுத்துட்டியா?"

"டெஸ்க்டாப்புல ரெண்டு அசைன்மென்ட் இருந்துச்சு, ஃபோன்ல ஏத்திட்டேன். வேற ஒண்ணும் இல்லண்ணா, அழிச்சிடுங்க."

நிறுவும் ஐகானைத் தட்டினோம். முதல் திரை மொழிப் பட்டியல்ல தமிழ் இருக்கறதைப் பார்த்துட்டு சிரிச்சா. "தமிழ்லயே போடலாமாண்ணா?" காலேஜ்ல ஆங்கிலத்துலதான் பாடம் வரும், இப்போதைக்கு ஆங்கிலமே இருக்கட்டும், அப்புறம் எப்ப வேணா மாத்திக்கலாம்னு சொன்னேன். கீபோர்டு எல்லாம் தாண்டி வந்தோம். டிஸ்க் முழுசையும் அழிச்சு நிறுவுங்கற ஆப்ஷன். தேர்ந்தெடுத்தேன். 'இப்போது நிறுவு' அமுக்கினேன். கடைசியா ஒரு பெட்டி வந்து, இந்த இந்தப் பகுதிகளை மாத்தப் போறேன், தொடரட்டுமான்னு கேட்டது. சுட்டியை 'தொடர்' மேல கொண்டு போறேன்...

திரை கறுப்பாயிடுச்சு.

வேற ஒண்ணும் இல்லை, கரண்ட் கட். செத்த பேட்டரி, அதனால லேப்டாப்பும் கூடவே போச்சு.

"அய்யோ, கெட்டுப் போச்சாண்ணா?"

"இல்லம்மா. அந்தக் கடைசி பெட்டிக்கு சரின்னு சொல்ற வரைக்கும் டிஸ்க்ல ஒரு எழுத்து கூட மாறாது. கரண்ட் வந்ததும் முதல்ல இருந்து வரலாம்."

அண்ணி கருப்பட்டி காபி கொண்டு வந்து கொடுத்தாங்க. எப்ப கரண்ட் வரும்னு தெரியாது. சும்மா இருக்க முடியாம அந்தப் பொண்ணு நோட்டைப் புரட்டிட்டு ஒரு கேள்வி கேட்டா. காலேஜ்ல யாரும் சொல்லித் தரலையாம்.

"அண்ணா, சி டிரைவ் இருக்கு, டி டிரைவ் இருக்கு. ஏ, பி எங்கண்ணா போச்சு?"

ஆஹா, நம்ம ஏரியா! ஆரம்பிச்சுட்டேன். 1981-ல ஐபிஎம் பிசி வந்தப்ப அதுல ஹார்ட் டிஸ்க்கே கிடையாது, ஃப்ளாப்பிதான். ஏ, பி ரெண்டும் ஃப்ளாப்பிக்கு. 1983-ல வந்த பிசி எக்ஸ்டி-யிலதான் ஹார்ட் டிஸ்க் சேர்த்தே கொடுத்தாங்க, 10 எம்பி. (எம்பிதான், ஜிபி இல்லை. இன்னைக்கு உன் ஃபோன்ல எடுக்கற ரெண்டு மூணு போட்டோவுக்கே சரியாப் போயிடும்.) ஏ, பி ஏற்கனவே போயிட்டதால அதுக்கு சி. ஃப்ளாப்பி செத்துப் போச்சு, ஆனா அந்தப் பேர் மட்டும் நின்னுடுச்சு.

"அப்ப டி-ங்கறது ரெண்டாவது ஹார்ட் டிஸ்க்காண்ணா?"

"சில மெஷின்ல அப்படி இருக்கும். உன்னோடதுல ஒரே டிஸ்க்தான். நிலத்துல வரப்பு போட்ட மாதிரி ரெண்டா பிரிச்சு, ஒரு பக்கத்துக்கு சி-ன்னும் இன்னொரு பக்கத்துக்கு டி-ன்னும் விண்டோஸ் பேர் வெச்சிருக்கு. லினக்ஸுக்கு சி-யும் தெரியாது, டி-யும் தெரியாது. அதுக்கு எல்லாம் ஒரே நிலம்."

பேனாவை மூடிட்டா.

"அண்ணா... அப்ப இப்ப அழிக்கறது சி மட்டும் இல்லையா? டி-யும் போயிடுமா?"

எனக்கு வயித்துக்குள்ள ஏதோ நழுவின மாதிரி இருந்தது.

"டி-ல என்னம்மா இருக்கு?"

"ஆயா பாட்டுண்ணா."

*

ஆயான்னா அவளோட அப்பாவைப் பெத்தவங்க. போன ஆடியில தவறிட்டாங்க. அதுக்கு முந்தின வருஷம் லீவுல இவ ஃபோன்ல அவங்க பாடினதைப் பதிவு பண்ணி வெச்சிருக்கா. சாமை குத்தும்போது பாடுற பாட்டு, தாலாட்டு, எழவு வீட்டுல பாடுறது. சிலது பாட்டே இல்லையாம், சும்மா பேசினது, இவளைத் திட்டினது. மொத்தம் 31 ஃபைல். காலேஜ் சேர்ந்து நோட்ஸ், வீடியோன்னு ஃபோன் நிரம்பிப் போனதும், தீபாவளிக்கு லேப்டாப் வந்தவுடனே எல்லாத்தையும் டி-ல போட்டுட்டு ஃபோன்ல அழிச்சிருக்கா.

"டி பத்திரம்னு எல்லாரும் சொல்வாங்களேண்ணா. ஃபார்மட் பண்ணா சி மட்டும்தானே போவும்? ஹாஸ்டல்ல அக்காங்க எல்லாரும் முக்கியமானத டி-லதான் வெக்கச் சொன்னாங்க."

மக்களே, இதுல அவ தப்பு எங்க இருக்கு? நம்ம ஊர்ல எந்தக் கடையில கொடுத்தாலும் "ஃபார்மட்"னா சி-யை மட்டும் அழிச்சு விண்டோஸ் போட்டுக் கொடுக்கறதுதான். டி-யைத் தொடக்கூடாதுங்கறது எழுதப்படாத சட்டம். நம்ம எல்லாரும் அப்படித்தான் வளர்ந்தோம். நான் "இதுல ஏதாவது இருக்கா"ன்னு கேட்டேன். அவ, அழியப் போற இடத்துல ஏதாவது இருக்கான்னு யோசிச்சு, இல்லன்னு சரியாத்தான் பதில் சொன்னா. என் ஹாஸ்டல் நண்பனும் 2017-ல அதேதான் சொன்னான். எட்டு வருஷத்துக்கு மேலா நான் கேள்வி கேட்கக் கத்துக்கிட்டேனே தவிர, அந்தக் கேள்வியே தப்புன்னு எனக்கு உறைக்கல.

அந்த கரண்ட் மட்டும் ரெண்டு செகண்ட் தாமதமா போயிருந்தா? அதை நினைச்சாதான் தூக்கம் வரல.

பன்னெண்டரைக்கு கரண்ட் வந்தது. மறுபடி பென் டிரைவ்ல பூட் பண்ணி, டி பகுதியைத் திறந்தோம். 'ஆயா'ன்னு ஒரு ஃபோல்டர். சரியா காப்பி ஆகுதான்னு பார்க்க ஒண்ணைத் தட்டினேன். கரகரன்னு ஒரு குரல், பின்னாடி கோழி சத்தம், உலக்கை விழுற சத்தம்.

விறகோட வந்த அண்ணன் வாசல்லயே நின்னுட்டார். பொண்ணு பதிவு பண்ணி வெச்சிருக்கறது அவருக்குத் தெரியவே தெரியாது. பாட்டு முடியற வரைக்கும் தலைச்சுமையை இறக்கல. அப்புறம் இறக்கி வெச்சுட்டு, துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, என்னைப் பார்த்து ஒண்ணே ஒண்ணு கேட்டார்.

"இது இந்தப் பொட்டியில மட்டுந்தான் இருக்குதா?"

"ஆமாண்ணே."

"விதைய யாராச்சும் ஒரே எடத்துல வெப்பாங்களா பாப்பா?"

இதைத்தான் நாங்க பேக்கப் ஸ்ட்ராட்டஜின்னு பேர் வெச்சு, ஸ்லைடு போட்டு, சம்பளமும் வாங்கிக்கறோம். மூணு காப்பி எடுத்தோம். என் இன்னொரு பென் டிரைவ்ல ஒண்ணு, அவ ஃபோன்ல (வீடியோ எல்லாம் அழிச்சு இடம் பண்ணி) ஒண்ணு, என் ஃபோன்ல ஒண்ணு. 31-ம் எல்லா இடத்துலயும் திறக்குதான்னு எண்ணிப் பார்த்தோம்.

*

கதை இதோட முடியல. டி-ல ஆயா ஃபோல்டருக்குப் பக்கத்துல இன்னும் பத்துப் பதினஞ்சு ஃபோல்டர் இருந்தது. 'கல்யாணம்', 'பாப்பா முதல் பிறந்தநாள்', 'வீட்டு லோன்', 'ஆதார் ஸ்கேன்', 'ரெஸ்யூம்'...

"இதெல்லாம் யாரோடதும்மா?"

"முன்னாடி வெச்சிருந்தவங்களோடதுண்ணா. வாங்கறப்பவே இருந்துச்சு. நான் எதையும் தொறக்கல. அழிக்கவும் மனசு வரல."

பாத்தீங்களா? கடைக்காரங்களும் சி-யை மட்டும் அழிச்சு விண்டோஸ் போட்டிருக்காங்க. லேப்டாப்பை வித்த மனுஷரும் "ஒண்ணும் இல்ல, எல்லாம் எடுத்துட்டேன்"னுதான் சொல்லியிருப்பார். ஒரு குடும்பத்தோட ஆதார், பேங்க் பேப்பர், குழந்தை போட்டோ எல்லாம் மலை ஏறி ஒரு கயித்துக் கட்டில் வரைக்கும் வந்திருக்கு. நல்லவேளை, இந்தப் பொண்ணு கையில வந்தது. வேற யார் கையிலயாவது போயிருந்தா?

அழிச்சிடலாம்னேன் நான். அவதான் கேட்டா, "அவங்களுக்கும் இது ஒண்ணுதான் இருக்குன்னா?"

சத்தியமா எனக்கு அது தோணவே இல்லை. ரெண்டு பேரும் பேசி, ரெஸ்யூம் ஒண்ணை மட்டும் திறந்து நம்பர் எடுத்தோம். சிக்னலுக்காக வீட்டுக்கு மேல இருக்கற பாறை வரைக்கும் ஏறிப் போய் ஃபோன் பண்ணினேன். எடுத்தது ஒரு மேடம். விஷயத்தைச் சொன்னதும் முதல்ல பயந்துட்டாங்க. "என் போட்டோ எப்படி உங்ககிட்ட வந்துச்சு? எவ்வளவு பணம் வேணும்?"னு கேட்டாங்க. அந்தக் கேள்வியில தப்பே இல்லை, காலம் அப்படி. பணம் எதுவும் வேண்டாம், ஒரு நம்பரோ ஓடிபியோ கேட்க மாட்டோம், வேணும்னா ஃபோல்டர் பேரை மட்டும் படிக்கிறேன்னு சொன்னேன். படிச்சேன். 'பாப்பா முதல் பிறந்தநாள்' வந்ததும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அது போயிடுச்சுன்னு நினைச்சிருந்தாங்களாம். அந்த ஒண்ணை மட்டும் அனுப்புங்க, மத்ததை அழிச்சிடுங்கன்னாங்க. போளூர் வந்து வைஃபைல ஏத்தி, அவங்க கிடைச்சதுன்னு சொன்னதும் என்கிட்ட இருந்த காப்பியை அழிச்சுட்டேன்.

அப்புறம்தான் உண்மையான சுத்தம். சும்மா ஃபார்மட் பண்ணினா ஃபைல் அழியாது. பொருளடக்கப் பக்கத்தைக் கிழிச்ச மாதிரிதான், உள்ள இருக்கற பக்கங்கள் எல்லாம் அப்படியே இருக்கும். ஃபோட்டோரெக் மாதிரி இலவச மென்பொருள் வெச்சே தோண்டி எடுத்துடலாம். அதனால மின்ட்ல இருக்கற டிஸ்க்ஸ் கருவியில, முழு டிஸ்க் மேலயும் பூஜ்யம் எழுதுற ஆப்ஷனைப் போட்டேன். 500 ஜிபிக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அந்த நேரத்துல சாமைச் சோறும் கொள்ளுக் கடையலும். (அதுக்குத் தனிப் பதிவே போடலாம்.)

மறுபடி நிறுவும் திரை. அந்தக் கடைசி பெட்டி வந்ததும் நான் கையை எடுத்துட்டேன்.

"நீயே அமுக்கும்மா."

பெட்டியில இருந்ததை ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சா. ஃபோனை எடுத்து ஆயா ஃபோல்டரைத் திறந்து பார்த்தா. அப்புறம் அமுக்கினா.

அரை மணி நேரத்துல முடிஞ்சுது. சாயங்காலம் தமிழ்99 போட்டு, உயிரெழுத்து இடது கை, மெய்யெழுத்து வலது கைன்னு காட்டினேன். 1999-ல சென்னையில நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை, அவ பிறக்கறதுக்கு முன்னாடி. அவ முதல்ல அடிச்சது தன் பேரை இல்லை. 31 ஃபைலுக்கும் பேர் வெச்சா. ஒவ்வொண்ணா கேட்டு, இது எந்தப் பாட்டு, எப்ப பாடினது, யார் கூட இருந்தாங்கன்னு. அண்ணன் பக்கத்துல உட்கார்ந்து சொல்லச் சொல்ல அடிச்சா. நான் கிளம்பறப்ப பதினாலு முடிஞ்சிருந்தது.

*

பழைய லேப்டாப் வாங்குற, விக்கிற, அடுத்தவங்களுக்கு ஃபார்மட் பண்ணிக் கொடுக்கற நம்ம ஆட்களுக்கு நாலே நாலு வரி:

1. "ஏதாவது இருக்கா"ன்னு கேட்காதீங்க. "என்னென்ன வெச்சிருக்கீங்க, திறந்து காட்டுங்க"ன்னு கேளுங்க. சி, டி ரெண்டையும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்க.

2. காப்பி எடுத்தா மட்டும் போதாது. எடுத்த காப்பி திறக்குதான்னு பார்த்த பிறகுதான் அழிக்கணும்.

3. விக்கறதுக்கு முன்னாடி முழு டிஸ்கையும் அழிங்க. ஹார்ட் டிஸ்க்னா ஒரு தடவை பூஜ்யம் எழுதினாலே சாதாரண ஆட்களால தோண்ட முடியாது. எஸ்எஸ்டின்னா அதுக்குன்னே இருக்கற செக்யூர் எரேஸ் வசதியைப் பயன்படுத்துங்க.

4. வாங்கின லேப்டாப்ல அடுத்தவங்க ஃபைல் இருந்தா, அந்தப் பொண்ணு மாதிரி நடந்துக்குங்க.

பெங்களூரு திரும்பின அன்னைக்கு ராத்திரி, ரொம்ப வருஷம் கழிச்சு என் ஹாஸ்டல் நண்பனுக்கு ஃபோன் பண்ணினேன். அந்தக் கல்யாண வீடியோவைப் பத்திப் பேசினேன். "இன்னுமாடா அதை ஞாபகம் வெச்சிருக்க?"ன்னான். கொஞ்ச நேரம் கழிச்சு, "அதுல எங்க அப்பா டான்ஸ் ஆடியிருப்பார்டா"ன்னான்.

ஸாரி சொன்னேன். இத்தனை வருஷத்துல முதல் தடவையா.

டிஸ்கி: நேத்து அந்தப் பொண்ணுகிட்ட இருந்து மெசேஜ். ஹாஸ்டல்ல ரெண்டு அக்காங்க லேப்டாப்புக்கு மின்ட் போட்டுக் கொடுத்திருக்கா. "டி-ல என்னென்ன இருக்குன்னு தொறந்து காட்டச் சொன்னேண்ணா"ன்னு சேர்த்து எழுதியிருக்கா. தமிழ்ல :-)